‘ரெண்டு ஒயரையும் முறுக்கி விடுங்க சார், ஓடும்!’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு பக்கத்தில், கார் ஷெட்டில் சின்ன சி.என்.சி. மெஷின் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி செதுக்கும் மெஷின்) வைத்து மரப்பலகையில் பெயர் செதுக்கி விற்கும் ஒரு தம்பதியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரை, படமும் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். என் மனைவி அந்தப் படத்தில் பலகையின் வேலைப்பாட்டைப் பார்த்தாள். என் கண் போனது மெஷினுக்குப் பின்னால், கன்ட்ரோல் பெட்டியின் மேல் இருந்த சிவப்பு எமர்ஜென்சி பட்டன் மீது. அதை அமுக்க வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்பிண்டிலுக்கு, அதாவது செதுக்கும் பிட்டைச் சுழற்றும் மோட்டாருக்கு, மேலே கையை நீட்டித்தான் அமுக்க வேண்டும். கட்டுரையில் அந்தப் பட்டனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோவையில் ஒரு பஞ்சாலையில் 31 வருடம் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். சும்மா இருக்க முடியாமல் அதே மாதிரி செதுக்கும் சி.என்.சி. மெஷின் ஒன்று, 6040 ரக ரௌட்டர், வாங்கினேன். 60 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் பரப்பில் செதுக்கும். 1.5 கிலோவாட் ஸ்பிண்டில், நிமிடத்துக்கு 24,000 சுற்று வரை போகும்; அதை ஓட்ட, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. டிரைவ் ஒன்று. கட்டளை கொடுப்பது பேரலல் போர்ட் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் மாக்-3 என்ற மென்பொருள். கோயில் பலகை, வீட்டுப் பெயர்ப்பலகை, கோல அச்சு என்று சில்லறை வேலைகள்.

ஐப்பசி மழையில் தொந்தரவு ஆரம்பித்தது. மெஷின் பாதி எழுத்து செதுக்கிக்கொண்டிருக்கும்போதே டக்கென்று நிற்கும். திரையில் எமர்ஜென்சி என்று வரும், ரீசெட் பொத்தான் சிவப்பாக மின்னும். பட்டன் பக்கத்தில் ஒரு ஈ கூட இருக்காது. ரீசெட் கொடுத்தால் எதுவும் நடக்காதது போல ஓடும். ஆனால் வேகத்தில் போகும்போது அப்படி நின்றால், ஸ்பிண்டிலை அடி அடியாக நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் ஒன்றிரண்டு ஸ்டெப் தவறிவிடும். அப்புறம் தொடர்ந்தால் ‘முருகன் துணை’யில் ‘மு’ ஒரு வரிசையிலும் ‘ரு’ அரை மில்லிமீட்டர் தள்ளியும் நிற்கும். இரண்டு தேக்குப் பலகை வீணானது.

விற்றவருக்குப் போன் செய்தேன். அவர் யோசிக்கவே இல்லை. “அது வேஸ்ட் சார். எமர்ஜென்சிக்குப் போற ரெண்டு ஒயரையும் முறுக்கி விடுங்க சார், ஓடும்” என்றார்.

ஓடியது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினின் மூடியில் லிமிட் சுவிட்ச் இருக்கும், மூடியைத் திறந்தால் மெஷின் நிற்க வேண்டும். அடிக்கடி நிற்கிறதே என்று பையன்கள் அதில் தீக்குச்சியைச் செருகி வைப்பார்கள். அதைப் பிடுங்கி எறிந்து நான் போட்ட சத்தம் டிபார்ட்மென்ட் முழுக்கக் கேட்கும். அந்த நான்தான் என் வீட்டில், ஆர்டர் அவசரம் என்று, ஒயரை முறுக்கி டேப் சுற்றினேன். ‘இந்த ஒரு வேலை முடியட்டும்’ என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் அப்படியே கிடந்தது.

மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு நாள், பலகையைப் பிடித்திருந்த கிளாம்பின் உயரத்தைக் கணக்கில் எடுக்காமல் புரோகிராமை ஓட்டிவிட்டேன். பிட் நேராகக் கிளாம்ப் மேல் ஏறியது. முதலில் ஒரு கிறீச், அப்புறம் தீப்பொறி. கை தானாகப் பட்டனுக்குப் போய் ஓங்கி அடித்தது. மெஷின் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடித்த பட்டன் உள்ளே அமுங்கி அழகாகப் பூட்டிக்கொண்டு நின்றதே தவிர, கேட்க அங்கே ஆள் இல்லை. சுவரில் இருக்கும் மெயின் சுவிட்ச் ஏழெட்டு அடி தூரம்தான். அன்றைக்கு அது பக்கத்து ஊர் சூலூர் மாதிரி தூரமாகத் தெரிந்தது. 6 மில்லிமீட்டர் பிட் உடைந்து ஒரு துண்டு சுவரில் பட்டுத் தெறித்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த நாள் டீ குடித்துவிட்டு, மில்லில் செய்வது போல உட்கார்ந்து ஆராய்ந்தேன். முதலில் இதன் சூத்திரம். எமர்ஜென்சி பட்டனுக்குள் என்.சி. கான்டாக்ட் இருக்கும், சும்மா இருக்கும்போது மூடியே இருக்கிற கான்டாக்ட். மின்சாரம் அதன் வழியே ஓடிக்கொண்டே இருந்தால்தான் மெஷினுக்கு ஓட அனுமதி. பட்டனை அமுக்கினால் வழி அறும், மெஷின் நிற்கும். ஒயர் அறுந்தாலும், ஸ்க்ரூ லூஸானாலும், எலி கடித்தாலும் வழி அறும், மெஷின் நிற்கும். அதாவது காரணமில்லாமல் நிற்கிற மெஷின் ‘என் காவல் கம்பியில் எங்கோ கோளாறு’ என்று சொல்கிறது. அதைக் கேட்க மனமில்லாமல்தான் நாம் அதன் வாயைக் கட்டுகிறோம்.

எங்கே அறுகிறது என்று பார்க்க மல்டிமீட்டர் ஒன்று போதும். முதல் வேலை, மெயினை அணைத்து, பட்டனின் ஒரு முனை ஒயரைக் கழற்றிவிட்டு, மீட்டரைப் பீப்பில் வைத்துப் பார்ப்பது. பட்டன் மேலே இருக்கும்போது சத்தம் வர வேண்டும், அமுக்கினால் நிற்க வேண்டும், திருகி விட்டால் மறுபடி வர வேண்டும். என் பட்டனில் எல்லாம் சரியாகவே வந்தது. பலர் இதோடு ‘பட்டன் நல்லாத்தான் இருக்கு’ என்று முடித்துவிட்டு கம்ப்யூட்டரைச் சந்தேகிக்கப் போய்விடுவார்கள். விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றியவர்களையும் எனக்குத் தெரியும்.

விட்டு விட்டு வரும் கோளாறுக்குப் பீப் போதாது. ஒயரை மாட்டி, மெஷினை ஓடும் நிலையில் வைத்து, மீட்டரை டி.சி. வோல்ட்டுக்கு மாற்றி, மூடியிருக்கும் ஒவ்வொரு கான்டாக்டின் இரு முனைக்கும் குறுக்கே வைக்க வேண்டும். நல்ல கான்டாக்ட் என்றால் சுழி காட்டும். வழி எங்கே அறுந்திருக்கிறதோ அந்த இடத்தில் முழு வோல்ட்டும் வந்து நிற்கும். (230 வோல்ட் நடமாடும் பெட்டி அது. பழக்கமில்லாதவர்கள் மின் வேலை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.) என் பட்டனுக்குக் குறுக்கே மீட்டரை வைத்து, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் பெட்டியை மெல்லத் தட்டினேன். 0, 0, 1.4, 0, 2 என்று ஆடியது. அதுதான்.

இந்த மாதிரி பட்டன்களின் கான்டாக்ட் பெரும்பாலும் வெள்ளிக் கலவை; 24 வோல்ட்டோ 230 வோல்ட்டோ, ஓரளவு கரண்ட்டோடு வேலை செய்யவே செய்யப்பட்டது. ஓடுகிற கரண்ட் அதன் மேல் படியும் மெல்லிய படலத்தைத் தானே உடைத்துக்கொள்ளும். ஹாபி மெஷின்களிலோ அந்தக் கான்டாக்டைக் கன்ட்ரோல் போர்டின் 5 வோல்ட்டில், மிகச் சொற்ப கரண்ட்டில் மாட்டிவிடுகிறார்கள். மழை ஈரமும் எம்.டி.எஃப். (மரத்தூள் பலகை) தூசியும் சேர்ந்தால் சில மாதத்திலேயே படலம் படிந்து, தொட்டும் தொடாமலும் நிற்கும். பட்டனை இருபது முறை அமுக்கி எடுத்தால் நான்கு நாள் சரியாகி மறுபடி கோளாறு வருகிறதா? அப்படியென்றால் கான்டாக்டைத்தான் பார்க்க வேண்டும்.

புதுப் பட்டன் மாட்டினேன். கோளாறு குறைந்ததே தவிர, போகவில்லை. இங்கேதான் எனக்கு இரண்டு நாள் பிடித்தது. ஒரே நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இரண்டு இருந்திருக்கிறது. ஸ்பிண்டிலை அணைத்துவிட்டு அதே புரோகிராமைக் காற்றில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். ஒரு தடவையும் நிற்கவில்லை. ஸ்பிண்டிலைப் போட்டதும் பத்து நிமிடத்துக்குள் நின்றது. கேபிள் செயினைத் திறந்து பார்த்தால், எமர்ஜென்சியின் மெல்லிய ஒயரும் வி.எஃப்.டி.யிலிருந்து ஸ்பிண்டிலுக்குப் போகும் ஒயரும் ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு ஒட்டிப் படுத்திருந்தன. வி.எஃப்.டி. மோட்டாருக்கு அனுப்புவது வழவழப்பான அலை கிடையாது. நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்பும். அந்த வெட்டின் சாரல் பக்கத்து ஒயரில் தெறிக்கும். 5 வோல்ட் சிக்னலைக் குழப்ப அந்தச் சாரலே போதும்.

ஸ்பிண்டிலுக்கு, மேலே உலோக வலை சுற்றிய ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை வி.எஃப்.டி.யின் எர்த்தில் இறுக்கினேன். வாங்கியபோது ஸ்பிண்டில் உடம்புக்கே எர்த் கொடுக்கப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதையும் கொடுத்தேன். எமர்ஜென்சி ஒயரை வேறு வழியில் இழுத்து, 24 வோல்ட்டுக்கு மாற்றினேன். அந்த 24 வோல்ட் ஒரு சின்ன ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) இழுத்துப் பிடிக்கும், போர்டுக்குச் சேதி சொல்வது ரிலே. “ரிலே கான்டாக்ட்டும் அதே 5 வோல்ட்தானே?” என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். சரிதான். அதனால்தான் தங்க முலாம் பூசிய கான்டாக்ட் உள்ள, நன்றாக மூடிய ரிலேயாகப் பார்த்து வாங்கினேன். மாக்-3-இல் டிபவுன்ஸ் என்று ஒரு எண் கேட்கும்; சிக்னல் எவ்வளவு நேரம் நீடித்தால் அதை நம்ப வேண்டும் என்பது அது. ஒரு எண்ணுக்கு 40 மைக்ரோ வினாடி. நான் 500 வைத்திருக்கிறேன், 20 மில்லி வினாடி ஆகிறது. அதை மட்டும் ஏற்றிவிட்டு ஒயரைச் சரி செய்யாமல் விடுவது காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு மழையில் நனைவது போலத்தான். அதே மென்பொருளின் டயக்னாஸ்டிக்ஸ் திரையில் எமர்ஜென்சிக்கென்று ஒரு விளக்கு இருக்கிறது. பட்டனைத் தொடாமல் ஒயரை மட்டும் ஆட்டி, அந்த விளக்கு மினுக்குகிறதா என்று பார்த்தாலே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

இதுவரை சொன்னது காரணமின்றி நிற்கிற கோளாறு. அதற்கு நேர் எதிரான கோளாறு ஒன்று உண்டு, அது சத்தமே போடாது.

என் அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். 3018 என்ற குட்டி மெஷினை வாங்கி, அவனே பட்டனும் மாட்டியிருந்தான். “மாமா, பாருங்க, நீங்க சொன்ன மாதிரி மஞ்சள் மேல சிவப்பு” என்றான். அமுக்கச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. பையன் முகம் சுருங்கிவிட்டது. பின்னால் ஒரு சோல்டர் விட்டிருந்தது. எப்போது விட்டதோ, யாருக்கும் தெரியாது.

அவன் மேல் தப்பில்லை. அந்த மெஷினின் போர்டில் இருப்பது ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள். அதில் ரீசெட் பின், வழக்கமாக, பட்டன் அமுக்கும்போது கிரவுண்டோடு சேரும்படி இருக்கிறது. அதாவது என்.ஓ.; சும்மா இருக்கும்போது திறந்தே இருக்கிற கான்டாக்ட். ஒயர் அறுந்திருந்தாலும் போர்டுக்கு ‘யாரும் பட்டனைத் தொடவில்லை’ என்றுதான் தெரியும். என்.சி.க்கு மாற்ற வேண்டுமென்றால் புரோகிராமின் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரியை மாற்றி மறுபடி ஏற்ற வேண்டும். அதை ஒரே சாயங்காலத்தில் செய்துவிட்டான், கெட்டிக்காரன். ஆனால் அங்கேயும் 5 வோல்ட்தான். போர்டுக்குள் இருக்கும் புல்-அப் (பின்னை 5 வோல்ட்டோடு இணைக்கும் ரெசிஸ்டர்) 20 முதல் 50 கிலோ ஓம், அதனால் கான்டாக்டில் ஓடுவது அதிகபட்சம் கால் மில்லி ஆம்பியர்தான். அதோடு, அந்த ரீசெட் என்பது மென்பொருளைக் கெஞ்சுவது. சிப் குழம்பி நின்றுவிட்டால் கெஞ்சலைக் கேட்பது யார்? அதனால் இரண்டாவதாக ஒரு என்.சி. பிளாக் (பட்டனின் பின்னால் மாட்டும் கான்டாக்ட் துண்டு) சேர்த்து, 24 வோல்ட் அடாப்டருக்குப் போகும் 230 வோல்ட் லைனையே அது வெட்டும்படி செய்தோம். பட்டனின் பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட பிளாக்குகளை அடுக்கலாம். கடையில் சிவப்பு பிளாக் என்றால் என்.சி., பச்சை என்றால் என்.ஓ. என்று கொடுப்பார்கள். முனையில் 1, 2 என்று முடிந்தால் என்.சி., 3, 4 என்று முடிந்தால் என்.ஓ.

ஆகவே எல்லோரும் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. மெயினை அணைத்து, பட்டனிலிருந்து ஒரு ஒயரைக் கழற்றி, டேப் சுற்றிவிட்டு, மறுபடி ஆன் செய்யுங்கள். மெஷின் ஓட மறுத்தால் நிம்மதியாக ஒயரைத் திரும்ப மாட்டிவிடலாம். கழற்றிய ஒயரோடும் அது ஓடத் தயார் என்றால், ஒன்று என்.ஓ.வில் மாட்டியிருக்கிறார்கள், அல்லது மென்பொருளில், சிக்னலின் அர்த்தத்தைத் திருப்பிப் போடும் ஆக்டிவ் லோ என்ற டிக் தலைகீழாக இருக்கிறது, அல்லது என்னைப் போல யாரோ முறுக்கி விட்டிருக்கிறார்கள்.

அந்தச் சோதனைக்கும் தப்பிக்கும் ஒன்றைப் போன மாதம் கோவை கணபதி பகுதியில் ஒரு நண்பரின் பட்டறையில் பார்த்தேன். “ஏனுங்ணா, அமுக்குனா நிக்கறதில்லீங்ணா, ஒயரெல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க” என்றார். பெட்டியைத் திறந்தால், கான்டாக்ட் பிளாக் பட்டனின் பின்புறத்திலிருந்து கழன்று ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. முன்னால் பட்டன் அமுங்கும், பூட்டும், திருகினால் எழும். பின்னால் அது தொடுவதற்கு ஒன்றுமே இல்லை. பிளாக்குக்குள் இருக்கும் ஸ்பிரிங் கான்டாக்டை மூடியே வைத்திருப்பதால் மெஷினும் தடையில்லாமல் ஓடியது. மெஷின் அதிர்வில் பிளாஸ்டிக் கொக்கி விட்டிருக்கிறது. பெட்டியைத் திறக்காமல் இதைக் கண்டுபிடிக்க, ஸ்பிண்டில் சுற்றாதபோது பட்டனை அமுக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. நான் இப்போது தினமும் முதல் பலகையை வைப்பதற்கு முன் அமுக்கிப் பார்க்கிறேன். பிளாக் கழன்றாலே வழியை அறுத்துவிடும் ரகமும் கிடைக்கிறது, விலைதான் கொஞ்சம் அதிகம்.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. பட்டனைத் திருகி விடுவித்ததும் மெஷின் தானாக ஓட ஆரம்பிக்கக் கூடாது. விடுவிப்பது அனுமதி மட்டும். ஓட்டத்துக்குத் தனியாக ஒரு பச்சைப் பட்டன் வேண்டும். ஐ.எஸ்.ஓ. 13850 என்ற தரநிர்ணயமும் இதைத்தான் சொல்கிறது. ரிலேயில் ஹோல்டிங் (ஒருமுறை இழுத்தபின் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் இணைப்பு) போடத் தெரிந்த எந்த எலெக்ட்ரீஷியனும் அரை மணியில் செய்து கொடுப்பார். அடுத்தது, வி.எஃப்.டி.யின் இன்புட்டை வெட்டினால் ஸ்பிண்டில் உடனே நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். இழுத்துப் பிடிக்க ஆளில்லாமல், 24,000-லிருந்து தானாக ஓய்ந்துதான் நிற்கும். எமர்ஜென்சி ரிலேயின் ஒரு கான்டாக்டை வி.எஃப்.டி.யின் ரன் சிக்னலிலும் போட்டு, வேகத்தைக் குறைத்து நிறுத்தும்படி அமைத்தால் சீக்கிரம் நிற்கும். ஸ்டெப்பர் டிரைவர்களின் சப்ளையைத் தனியாக வெட்டிக்கொள்ளலாம். வி.எஃப்.டி.க்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவே மட்டும், ஓடும்போது வெட்டுகிற மாதிரி கான்டாக்டர் (பெரிய ரிலே) எதுவும் வைக்காதீர்கள், டிரைவ் போய்விடும். ஆமாம், அணைத்த பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். மூடியில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம் பொறுத்துத்தான் கை வைக்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படி வீட்டுப் பட்டறைகளைப் பற்றி எழுதும்போது, முதலீடு எவ்வளவு, வருமானம் எவ்வளவு என்று கேட்பதோடு ‘பட்டன் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது அமுக்கிப் பார்த்தீர்கள்’ என்றும் உங்கள் நிருபர் கேட்கட்டும். படத்தில் இருந்த அந்தத் தம்பதிக்கு இந்தக் கடிதத்தைக் காட்ட முடிந்தால் நல்லது. அவர்கள் செய்ய வேண்டியது, மேஜையின் முன் ஓரத்தில், இடுப்பு உயரத்தில் 22 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டுப் பட்டனை அங்கே கொண்டுவருவது. ஒரு மீட்டர் ஒயர் கூடுதலாகத் தேவைப்படும்.

விற்றவருக்கும் மறுபடி போன் செய்தேன். “தமிழில் ஒரு ஒயரிங் டிராயிங் போட்டு மெஷினோடு கொடுக்கலாமே” என்றேன். “பாக்கறேன் சார்” என்றார். இரண்டு மாதம் ஆகிறது. அதற்குள் நானே ஒரு முழுத்தாளில் பேனாவால் வரைந்துவிட்டேன். பட்டன், ரிலே, ஹோல்டிங், வி.எஃப்.டி. எல்லாம் தமிழில் குறித்திருக்கிறேன். உங்கள் பக்கத்தில் இடம் இருந்தால் சொல்லுங்கள், ஸ்கேன் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மில் எலெக்ட்ரீஷியன்,
சிங்காநல்லூர், கோவை.